பள்ளியில் உளவியல் எடுத்தால் உண்மையில் எதைப் படிக்க வேண்டியிருக்கும்?

பதினோராம் வகுப்பில் பாடம் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தால் உளவியலைப் பற்றி இரண்டு பேச்சுகள் அடிபடும். "அது ஈஸி, பாதி பொது அறிவுதான். கதை மாதிரி படித்துவிட்டுப் போகலாம்" என்பது ஒன்று. "அதை மட்டும் எடுத்துவிடாதே, உள்ளே போனால் மூளை, நரம்பு, புள்ளியியல் என்று உயிரியலும் கணக்கும் சேர்ந்து கிடக்கிறது" என்பது இன்னொன்று. இரண்டையுமே சொல்பவர்கள் அந்தப் பாடத்தைப் படித்தவர்கள்தான். ஒருவர் புத்தகத்தின் அத்தியாயத் தலைப்புகளை மனதில் வைத்துப் பேசுகிறார். மற்றவர் வினாத்தாளை மனதில் வைத்துப் பேசுகிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

அத்தியாயத் தலைப்புகள் பழக்கமானவை: நினைவு, கற்றல், கவனம், உணர்ச்சி, ஆளுமை, மனநோய், குழு நடத்தை. இவற்றைப் பற்றி எல்லாரிடமும் ஏற்கெனவே ஒரு கருத்து இருக்கும். வினாத்தாள் அந்தக் கருத்தைக் கேட்பதில்லை. "இப்படிச் சொல்ல உன்னிடம் என்ன ஆதாரம் இருக்கிறது, அந்த ஆதாரத்தில் எங்கே ஓட்டை?" என்று கேட்கிறது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மீதிக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அடிப்படை: கண்ணுக்குத் தெரியாததை அளப்பது

மனதை யாரும் நேரில் பார்த்ததில்லை. மனிதர்கள் சொல்வது, செய்வது, எடுத்துக்கொள்ளும் நேரம், செய்யும் பிழை, உடலிலும் மூளையிலும் நடக்கும் மாற்றம் ஆகியவற்றைத்தான் அளக்க முடியும். 1879இல் ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் வுண்ட் தொடங்கிய ஆய்வுக்கூடத்தை இந்தத் துறையின் தொடக்கமாகப் பாடநூல்கள் குறிப்பதற்குக் காரணம் இதுதான். அதற்கு முன்பும் மனதைப் பற்றி நிறையப் பேர் சிந்தித்திருக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் வைத்து முறையாக அளக்கும் வழக்கம் அங்கேதான் நிலைபெற்றது.

1885இல் ஹெர்மன் எபிங்ஹாஸ் மறதியை அளந்த விதத்தைப் பாருங்கள். பொருளே இல்லாத அசைகளை உருவாக்கி, அவற்றைத் தானே மனப்பாடம் செய்தார். பிறகு 20 நிமிடம், ஒரு மணி நேரம், ஒரு நாள் என்று இடைவெளி விட்டு, அதே பட்டியலை மறுபடி மனப்பாடம் செய்ய எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கிட்டார். பொருளற்ற அசைகள் எதற்கு? தெரிந்த சொற்களென்றால் பழைய அனுபவம் உதவிக்கு வந்து அளவைக் கெடுத்துவிடும். மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்ற முடிவு இன்றும் நிற்கிறது. ஆனால் சோதனை செய்தவரும் சோதிக்கப்பட்டவரும் ஒரே ஆள். அந்த முடிவையும் இந்தக் குறையையும் சேர்த்தே சொல்லத் தெரிய வேண்டும். பாடத்தின் குணம் இந்த ஒரு உதாரணத்திலேயே தெரிந்துவிடுகிறது.

ஒரே பயம், ஐந்து விளக்கங்கள்

மாணவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். மற்ற பாடங்களில் ஒரு கேள்விக்கு ஒரு விடை இருக்கும். இங்கே ஒரே நடத்தைக்குப் பல அணுகுமுறைகள் வரிசையாக வந்து நிற்கும். நாயைக் கண்டாலே நடுங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

1. உயிரியல் அணுகுமுறை: ஆபத்தை உணர்வதில் பங்குள்ள அமிக்டலா என்ற மூளைப் பகுதி விழிக்கிறது, அட்ரினலின் சுரக்கிறது, இதயம் படபடக்கிறது. சிலருக்கு இந்த அமைப்பு எளிதில் தூண்டப்படுவதில் மரபுக்கும் பங்கு உண்டு.

2. நடத்தையியல்: முன்பு ஒரு நாய் கடித்திருக்கிறது. வலியும் நாயும் ஒன்றாக இணைந்துவிட்டன. ரஷ்ய அறிஞர் பாவ்லோவின் நாய், உணவோடு சேர்த்துக் கேட்டுப் பழகிய மணியோசைக்கு எச்சில் ஊறவிட்டதும் இதே வகைக் கற்றல்தான். கடித்தது ஒரு முறைதானே, பயம் ஏன் தீரவில்லை? நாயைப் பார்த்து ஒதுங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே ஒதுங்கும் பழக்கத்துக்குப் பரிசாகிவிடுகிறது.

3. அறிதல் அணுகுமுறை: நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்தாலும் "கடிக்கத்தான் வருகிறது" என்று மனம் பொருள் கொள்கிறது. பிரச்சினை நாயில் இல்லை, அதற்குத் தரப்படும் பொருளில் இருக்கிறது.

4. சமூகக் கற்றல்: அவரை நாய் கடித்ததே இல்லை. அம்மா நாயைக் கண்டு அலறியதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறார். 1961இல் ஆல்பர்ட் பாண்டுராவும் அவரது குழுவினரும் 72 குழந்தைகளை வைத்துச் செய்த சோதனையில், பெரியவர் ஒரு பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகளிடம் அதே மாதிரியான அடிதடி அதிகம் காணப்பட்டது. பார்த்தே கற்க முடியும் என்பதற்கு அது சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

5. உளப்பகுப்பாய்வு: பயத்தின் உண்மையான பொருள் நாயே இல்லை, அது மறைந்திருக்கும் வேறொரு மனப் போராட்டத்தின் வெளிப்பாடு. குதிரைகளுக்குப் பயந்த ஒரு சிறுவனைப் பற்றி உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃபிராய்டு 1909இல் எழுதிய அறிக்கை இந்த வகைதான்.

இந்த ஐந்தையும் ஒப்பிப்பது பாதி வேலைதான். எந்த விளக்கத்தைச் சோதித்துப் பார்க்க முடியும், எதை முடியாது என்பது அடுத்த கேள்வி. நடத்தையியல் விளக்கம் சரியென்றால், பயமூட்டும் பொருளைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கினால் பயம் குறைய வேண்டும். அப்படிக் குறைவதும் உண்டு. அதன்மீது எழுந்த சிகிச்சை முறைகள் இன்றும் பயன்படுகின்றன. ஃபிராய்டின் விளக்கத்தை எடுத்தால், என்ன நடந்தாலும் அது பொருந்திப் போகும். எதனாலும் பொய்யாக்க முடியாத விளக்கம் அறிவியலில் பலவீனமானது. தொடக்கத்தில் மாணவர்களுக்கு மிகவும் பிடிப்பது ஃபிராய்டு; வினாத்தாளில் அதிகம் அடி வாங்குவதும் அவரே.

ஆய்வு முறை: எல்லாரும் தள்ளிப்போடும் அத்தியாயம்

"பாட்டு கேட்டுக்கொண்டே படித்தால் மனதில் நிற்காது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். இதை வகுப்பில் சோதித்துப் பார்க்கலாம். 20 சொற்கள் கொண்ட ஒரு பட்டியல். பத்துப் பேர் பாட்டோடும் பத்துப் பேர் அமைதியிலும் படித்து, நினைவிலிருந்து எழுத வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் எழுதத் தொடங்கியதும் கேள்விகள் குவியும்.

"மனதில் நிற்பது" என்றால் என்ன? இங்கே அது சரியாக எழுதிய சொற்களின் எண்ணிக்கை. அதுதான் சார்ந்த மாறி, அதாவது நாம் அளப்பது. பாட்டு இருக்கிறதா இல்லையா என்பது சாரா மாறி, அதாவது நாம் மாற்றிப் பார்ப்பது. பாட்டில் வரிகள் இருக்கலாமா, வாத்திய இசை மட்டும் போதுமா? சத்தம் எவ்வளவு? படிக்கும் நேரம் இரு குழுவுக்கும் ஒன்றா? இவற்றையெல்லாம் முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால், கடைசியில் வரும் வித்தியாசம் எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது, யார் எந்தக் குழு? முன் பெஞ்சுக்காரர்களை அமைதிக் குழுவிலும் பின் பெஞ்சுக்காரர்களைப் பாட்டுக் குழுவிலும் போட்டால் நாம் அளப்பது பாட்டையா, பெஞ்சையா? அதனால்தான் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கச் சொல்கிறார்கள். சரி, ஒரே ஆட்களையே இரண்டு விதமாகவும் படிக்க வைத்தால் என்ன? அப்போது இரண்டாம் முறைக்குள் பழகியிருப்பார்கள், அல்லது சலித்திருப்பார்கள். அதைச் சமன்செய்ய, பாதிப் பேர் முதலில் பாட்டோடும் மீதிப் பேர் முதலில் அமைதியிலும் தொடங்க வேண்டும். பட்டியலும் இரண்டு வேண்டும். இரண்டும் ஒரே அளவு கடினமானதாக இருக்க வேண்டும்.

முடிவு வந்த பிறகுதான் கணக்கு நுழைகிறது. ஒரு குழுவில் ஒன்பது பேர் தலா 11 சொற்கள் எழுதி, நினைவுப் பயிற்சி உள்ள ஒருவர் மட்டும் 20 எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 11.9. வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பான இடைநிலை 11. அந்தக் குழுவின் உண்மை நிலையைச் சொல்வது எது? இதைத் தீர்மானிக்கத் தெரிந்தால் போதும். பெரிய கணித அறிவு எதுவும் தேவையில்லை. கூட்டல் வகுத்தலும், வரைபடம் வாசிப்பதும், எந்த அளவை எங்கே பயன்படுத்துவது என்ற நிதானமும்தான் வேண்டும்.

மாணவர்கள் தவறாக எழுதும் இடம் ஒன்று உண்டு. இரண்டு குழுக்களுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் 5 சதவீத அளவில் முக்கியத்துவம் உடையது என்று வந்தால், "கருதுகோள் 95 சதவீதம் உண்மை" என்று எழுதிவிடுவார்கள். அது பொருள் இல்லை. பாட்டுக்கு எந்த விளைவுமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், இவ்வளவு பெரிய வித்தியாசமோ இதைவிடப் பெரியதோ தற்செயலாக வர வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் குறைவு என்பதே அதன் பொருள். பள்ளி மாணவர்கள் மட்டுமில்லை, ஆய்வாளர்களே சறுக்கும் இடம் இது.

மதிப்பெண் எங்கே இருக்கிறது: ஓர் ஆய்வை வைத்துப் பார்ப்போம்

1974இல் எலிசபெத் லோஃப்டஸும் ஜான் பால்மரும் வெளியிட்ட ஆய்வு பல பாடத்திட்டங்களில் இடம்பெறுகிறது. 45 மாணவர்களுக்குக் கார் விபத்துகளின் படத்துண்டுகள் ஏழு காட்டப்பட்டன. பிறகு, கார்கள் என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். கேள்வியில் ஒரே ஒரு வினைச்சொல் மட்டும் குழுவுக்குக் குழு மாறியது. கார்கள் "நொறுங்க மோதியபோது" என்று கேட்கப்பட்டவர்கள் சொன்ன சராசரி வேகம் மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல். "தொட்டுக்கொண்டபோது" என்று கேட்கப்பட்டவர்கள் சொன்னது 31.8 மைல். பார்த்த படம் ஒன்றே.

இங்கேயே நிறுத்தி, "ஆகவே கேள்வியின் சொற்கள் நினைவை மாற்றுகின்றன" என்று முடிப்பது சராசரியான விடை. நல்ல விடை ஒரு சந்தேகத்தை எழுப்பும்: நினைவு மாறியதா, அல்லது எத்தனை மைல் என்று உறுதியாகத் தெரியாதவர்கள் கேள்வியின் தொனியைப் பார்த்து எண்ணைக் கூட்டிக் குறைத்துச் சொன்னார்களா? இரண்டுக்கும் இதே முடிவுதான் வரும்.

ஆய்வாளர்களுக்கே இந்தச் சந்தேகம் இருந்தது. அதனால்தான் 150 பேரை வைத்து இரண்டாவது சோதனை நடந்தது. ஒரு விபத்துக் காட்சியைக் காட்டி, வேகத்தைக் கேட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி வரவழைத்து, "உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடி கிடையாது. "நொறுங்க மோதிய" என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். "இடித்த" என்ற சொல்லைக் கேட்ட 50 பேரில் 7 பேர். வேகமே கேட்கப்படாத 50 பேரில் 6 பேர். வெறும் எண்ணைக் கூட்டிச் சொல்வதாக இருந்தால், ஒரு வாரம் கழித்து இல்லாத கண்ணாடி ஏன் வர வேண்டும்?

இதற்கு மேலும் விமர்சனம் செய்ய இடமிருக்கிறது. பங்கேற்றவர்கள் மாணவர்கள், வண்டி ஓட்டிய அனுபவம் பலருக்குக் குறைவாக இருந்திருக்கலாம். படத்தில் விபத்தைப் பார்ப்பதும் நேரில் பார்த்து நடுங்குவதும் ஒன்றல்ல. ஆனால் "மாதிரி சிறியது, ஆய்வுக்கூடத்தில் நடந்தது" என்று எல்லா ஆய்வுக்கும் ஒரே பல்லவியைப் பாடினால் மதிப்பெண் வராது. அந்தக் குறை இந்த ஆய்வின் முடிவை எப்படிப் பாதிக்கிறது என்று சொல்ல வேண்டும்.

பிரிட்டனில் பள்ளி முடிவில் எழுதும் ஏ லெவல் தேர்வில் அறிவு, பயன்பாடு, மதிப்பீடு என மூன்று இலக்குகள் தனித்தனியாக மதிப்பெண் பெறுகின்றன. குறைந்தது பத்தில் ஒரு பங்கு கணிதத் திறனுக்கு. அமெரிக்காவில் பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடத்தப்படும் ஏபி பாடங்களில் ஒன்றான உளவியலின் தேர்வு 2024-25 முதல் மாற்றியமைக்கப்பட்டு, ஓர் ஆய்வுச் சுருக்கத்தைக் கொடுத்து அலசச் சொல்லும் கேள்வியைச் சேர்த்திருக்கிறது. சிபிஎஸ்இயில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 30. கலவை இடத்துக்கு இடம் மாறுகிறது. மனப்பாடத்தை மட்டும் நம்புவது எங்கேயும் போதாது.

புத்தகத்தில் இருப்பதே ஆட்டம் கண்டால்?

1971இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் சிம்பார்டோ, இளைஞர்களைக் காவலர்களாகவும் கைதிகளாகவும் நடிக்க வைத்து நடத்திய சிறைச் சோதனை பள்ளிப் புத்தகங்களின் நட்சத்திரம். இரண்டு வாரம் திட்டமிட்டது, ஆறே நாளில் நிறுத்தப்பட்டது. காவலர் வேடம் போட்டவர்கள் சூழல் காரணமாகத் தாமாகவே கொடூரமாக மாறினார்கள் என்பது நீண்டகாலம் சொல்லப்பட்ட பாடம். காவலர்களைக் கடுமையாக நடந்துகொள்ளும்படி ஆய்வுக் குழுவினரே தூண்டியதைப் பின்னாளில் வெளிவந்த ஒலிப்பதிவுகளும் ஆவணங்களும் காட்டின. "தாமாகவே" என்ற சொல்லை இனி எழுத முடியாது.

இது ஒரு தனிச் சம்பவம் இல்லை. 2015இல் ஒரு பெரிய ஆய்வாளர் கூட்டணி, வெளியான 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல் முக்கியத்துவம் உள்ள முடிவைத் தந்திருந்தன. மறுபடி செய்தபோது 36 சதவீதமே அப்படித் தந்தன. இன்னொரு பக்கம், உளவியல் ஆய்வுகளில் பங்கேற்பவர்கள் பெரும்பாலும் மேற்கத்திய, வசதியான நாடுகளின் மாணவர்கள் என்பதையும், அவர்களை வைத்து "மனிதர்கள் இப்படித்தான்" என்று சொல்ல முடியாது என்பதையும் ஜோசப் ஹென்ரிக் முதலிய மூவர் 2010இல் விரிவாக எடுத்துக்காட்டினார்கள்.

"அப்படியென்றால் இதை எதற்குப் படிக்க வேண்டும்?" என்று மாணவர் கேட்டால் அது நியாயமான கேள்விதான். இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எபிங்ஹாஸின் மறதி வளைவு, ஸ்ட்ரூப் 1935இல் காட்டிய நிறமும் சொல்லும் மோதும் விளைவு போன்றவை பலமுறை செய்து பார்க்கப்பட்டு உறுதியாக நிற்கின்றன. ஸ்ட்ரூப் சோதனையை வகுப்பிலேயே செய்து பார்க்கலாம்: "சிவப்பு" என்ற சொல்லை நீல மையில் எழுதி, மையின் நிறத்தைச் சொல்லச் சொன்னால் நாக்கு தடுமாறும். சமூக உளவியலின் பரபரப்பான முடிவுகள் பலவும் இந்த அளவுக்கு உறுதியானவை இல்லை. எது எந்த வகை என்று பிரித்துச் சொல்லும் ஆசிரியர் அமைந்தால், இந்தப் பலவீனமே பாடத்தின் சிறந்த பகுதியாகிவிடும் என்பது என் கணிப்பு.

மனநோய் அத்தியாயமும் அதன் ஆபத்தும்

இந்த அத்தியாயம் நடக்கும் வாரங்களில் வகுப்பில் பாதிப் பேருக்குத் தங்களிடம் ஏதோ ஒன்று இருப்பதாகத் தோன்றும். மீதிப் பேர் நண்பர்களுக்கு நோய்ப் பெயர் வைத்துக்கொண்டிருப்பார்கள்.

மனச்சோர்வு நோயை எடுத்துக்கொள்வோம். மனநோய்களை வரையறுக்கும், 2013இல் வெளியான அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5இன்படி, ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரம் தொடர்ந்து இருக்க வேண்டும். அந்த ஐந்தில் ஒன்று மனம் தாழ்ந்திருப்பதாகவோ எதிலும் ஆர்வம் இல்லாததாகவோ இருக்க வேண்டும். மனவேதனையோ அன்றாட வாழ்க்கையின் பாதிப்போ குறிப்பிடத்தக்க அளவு இருக்க வேண்டும். மருந்தோ உடல்நோயோ காரணமாக இருக்கக் கூடாது. தேர்வு முடிவு வந்த மூன்று நாள் சோகம் இதில் சேராது. பட்டியலை முழுவதும் கற்பிக்கும்போதுதான் இந்த எல்லைகள் புரிகின்றன. அறிகுறிகளை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டுப் போனால் விபரீதம். உண்மையிலேயே அவதிப்படும் மாணவர் வகுப்பில் இருக்கலாம் என்பதால், பாடம் நடத்துபவரே சிகிச்சையாளர் ஆகிவிடாமல் உரியவரிடம் அனுப்பும் ஏற்பாடும் பள்ளியில் இருக்க வேண்டும்.

எது நோய் என்ற வரையறையும் மாறியிருக்கிறது. தன்பாலின ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்க அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல்தான் முடிவெடுத்தது. இந்தப் பகுதியில் அரசியல் நுழைவதும் அதனால்தான். 2023 ஆகஸ்டில் ஃபுளோரிடாவில் நடந்தது ஓர் உதாரணம். பாலினம், பாலின ஈர்ப்பு பற்றிய பகுதியை நீக்க மாட்டோம் என்று ஏபி உளவியல் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு சொன்னது. மாநில விதிகளால் பாடமே தடைபட்டதாக அறிவித்தது. சில நாட்களில், முழுப் பாடத்தையும் நடத்தலாம் என்று மாநில நிர்வாகம் தெரிவித்தது. ஆனால் அதற்குள் சில மாவட்டங்கள் வேறு பாடத்திட்டத்துக்குத் தாவிவிட்டன.

பிறகு என்ன?

பள்ளியில் உளவியல் படித்தால்தான் கல்லூரியில் உளவியல் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அப்படிக் கேட்பதில்லை. முதல் ஆண்டில் அடிப்படையிலிருந்தே தொடங்குகின்றன. சில இடங்களில் ஓர் அறிவியல் பாடமோ கணிதமோ கேட்பார்கள். தொழில்களும் குழம்பிக் கிடக்கின்றன. மனநல மருத்துவர் ஆக முதலில் மருத்துவப் பட்டம் வேண்டும். அவர் மருந்து எழுதலாம். மருத்துவ உளவியலாளர் ஆக உளவியல் பட்டம், மேற்படிப்பு, மேற்பார்வையில் பயிற்சி, பெரும்பாலான நாடுகளில் முறையான பதிவு ஆகியவை வேண்டும். பள்ளிப் பாடம் இந்த இரண்டுக்கும் தகுதி தருவதில்லை.

பாடத்தை எடுப்பதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுவது நல்லது.

1. பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, ஆய்வு முறைப் பகுதியை மட்டும் படியுங்கள். விடை தெரிய வேண்டியதில்லை. கேள்வி ஆர்வமூட்டுகிறதா, எரிச்சலூட்டுகிறதா என்று பாருங்கள்.

2. நீண்ட விடை எழுதுவது பிடிக்குமா என்று யோசியுங்கள். கணக்குக்கு அஞ்சுபவர்களைவிட, வாதத்தைப் பத்தி பத்தியாகக் கட்டத் தெரியாதவர்களே இங்கே அதிகம் சிரமப்படுகிறார்கள்.

3. பள்ளியில் இதை யார் நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். உளவியல் படித்தவரா, வேறு பாட ஆசிரியர் கூடுதலாகப் பார்த்துக்கொள்கிறாரா? செய்முறை வகுப்பில் மாணவர்களே சோதனை செய்கிறார்களா, அல்லது பதிவேட்டைப் பார்த்து எழுதிக்கொள்கிறார்களா? வகுப்புத் தோழர்களை வைத்துச் சோதனை செய்யும்போது சம்மதம் வாங்கும் வழக்கம் உண்டா? சென்ற ஆண்டு மாணவர் ஒருவரின் செய்முறைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினால் இவற்றில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.